இறங்குவதும் இறக்கப்படுவதும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே வெட்டிவைத்த கல்வெட்டுப் பாடல்களில் ஒன்று ஓர் அரசனின் பேச்சாகவே தோன்றாது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதை வந்து சீர்செய்யப்போகிறவர் யாராக இருந்தாலும், அவர் காலில் உலகறிய இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறான். 15ஆம் நூற்றாண்டில், இன்னும் பிறக்காத, என்ன குலமென்று தெரியாத ஒருவருக்கு முன்னால் பாண்டியன் பணிகிறான். அவன் எண்ணியபடியே குறையும் நேர்ந்தது. முன்கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990ல்தான் புதிய இராஜகோபுரம் எழும்பிக் குடமுழுக்குக் கண்டது.

கிறிஸ்தவ வாழ்வில் பெருமையை வெல்வது பற்றிப் பேச வந்து ஒரு சிவபக்தனிடம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பணிவு இந்த மண்ணுக்குக் கப்பலில் வந்து இறங்கிய பண்பு அல்ல. குறளில் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. அடியார்க்கும் அடியார் என்று தம்மைச் சொல்லிக்கொள்வது சைவ வைணவ மரபின் உயிர்மூச்சு. கிறிஸ்தவம் கொண்டுவந்தது வேறொரு செய்தி. கடவுளே தாழ்ந்தார், சீடரின் புழுதிக் கால்களைக் கழுவினார், அடிமைகளுக்கென்று வைத்திருந்த சாவைச் செத்தார் என்ற செய்தி அது. அதைக் கேட்டு ஏற்ற திருநெல்வேலிச் சீமைச் சபைகள் (2019 நவம்பர் வரை தென்காசியும் திருநெல்வேலி மாவட்டம்தான்) இந்த இரண்டு நூற்றாண்டுகளில் அதை எப்படி வாழ்ந்தன? எங்கே தவறின?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமையைத் தனி ஒருவரின் உள்ளத்து நோயாக மட்டும் பார்த்தபோதெல்லாம் சபை தோற்றிருக்கிறது. யார் யாரிடம் தாழ்மையைக் கேட்கிறார்கள் என்று பார்க்கத் துணிந்தபோதுதான் அது கொஞ்சமாவது சுவிசேஷத்துக்கு அருகே வந்திருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் காலத்து முகாம்களில் தாழ்மையைப் பற்றிப் பேசுகிற பிரசங்கியார் உவமைக்காக அலைய வேண்டியதில்லை. பேரருவியைப் பாருங்கள், தண்ணீர் மேட்டை நாடாது, பள்ளத்தைத்தான் நாடும். கடவுளின் கிருபையும் தாழ்ந்த உள்ளத்தையே தேடிவரும் என்பார். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அருவி விரும்பி விழுவதில்லை. செண்பகாதேவியிலிருந்து பேரருவி வரை பாறையும் சரிவும் அதைத் தள்ளிக்கொண்டே வருகின்றன. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் காட்டும் கிறிஸ்துவோ யாராலும் தள்ளப்பட்டவர் அல்லர். உயர்ந்த நிலை தம்முடையதாகவே இருந்தும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் தாமே இறங்கியவர். இறங்குவதற்கு ஓர் உயரம் வேண்டும், இறங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமையும் வேண்டும். இரண்டும் இல்லாதவரிடம் போய்த் தாழ்மையாயிரு என்று சொன்னால் அங்கே நடப்பது வேறு.

இந்த வேறுபாட்டைப் பழைய துறவிகள் அவ்வளவாகப் பேசவில்லை. அவர்கள் கவனம் உள்ளத்தின் மேல்தான். எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 399ல் மறைந்த எவாக்ரியுஸ், துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டபோது, பிறர் புகழுக்கு ஏங்குவதையும் பெருமையையும் தனித்தனியாக வைத்தார். முன்னதற்குப் பார்க்கிறவர் வேண்டும். பின்னதற்கு யாரும் வேண்டாம், தனிக்குகையிலும் வளரும். பாப்பரசர் பெரிய கிரகோரி அதை எல்லாப் பாவங்களுக்கும் வேராக்கினார். பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் அமைத்தார். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்நார்து அந்தப் பன்னிரண்டு படிகளை விளக்க வந்து, பெருமையின் பன்னிரண்டு படிகளையே விரிவாக எழுதினார். தாம் ஏறிய படிகளைவிட இறங்கிய படிகளே தமக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் காட்டும் முதல் படி ஆணவமோ அகந்தையோ அல்ல. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று கண்ணை அலையவிடும் வேடிக்கை பார்க்கும் குணம். தன்னைப் பார்க்க வேண்டிய கண் பிறரை அளக்கத் தொடங்குகிற இடத்திலேயே பெருமை பிறந்துவிடுகிறது என்கிறார். ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு மடத்துக்குள் கண்டது நம் ஊர்த் தெருவுக்கும் சரியாகப் பொருந்துகிறது.

மரபு கண்ட இன்னொன்று, பெருமை நல்ல காரியங்களில்தான் செழிக்கும் என்பது. திருட்டிலும் குடியிலும் அதற்கு அவ்வளவு தீனி இல்லை. உபவாசம், ஜெபம், தருமம், வேத அறிவு இவைதான் அதற்கு ஏற்ற நிலம். பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபிக்கப் போன உவமையை லூக்கா 18ஆம் அதிகாரத்தில் வாசித்துவிட்டு, நான் அந்தப் பரிசேயனைப் போல் இல்லையே என்று ஆறுதல்படுகிறவர் அந்த நிமிடமே பரிசேயனாகிவிடுகிறார். சுவிசேஷகர் அருளப்பன் தொடங்கிய கிறிஸ்தியான்பேட்டையில் 1860ல் மூண்டு திருநெல்வேலி முழுதும் பரவிய எழுப்புதலிலிருந்து இன்றைய பெருங்கூட்டங்கள் வரை, ஆவியின் வரம் பெற்றவர் பெறாதவரைக் குனிந்து பார்க்கும் ஆபத்து எழுப்புதலோடு கூடவே வந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் பாதி உண்மை. மறுபாதியைப் பார்க்கக் குற்றாலத்திலிருந்து செங்கோட்டைப் பக்கம் சில கல் தொலைவு போனால் போதும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நிலம். அந்த ராஜ்யத்தில் யார் எதை உடுத்தலாம், யார் எவர் முன் எப்படி நிற்கலாம் என்பதற்குச் சட்டமே இருந்தது. தெற்கே கல்குளம், இரணியல் பகுதிகளில் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது வெடித்த தோள்சீலைக் கலகம் 1820களிலிருந்து 1859 வரை விட்டுவிட்டு எரிந்தது. பெண்களின் ஆடைகள் சந்தையில் கிழிக்கப்பட்டன, ஜெபவீடுகள் கொளுத்தப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் அதே விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

திறந்த மார்போடு நிற்பதே மரியாதை, தாழ்மை என்று அந்தப் பெண்களுக்கு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டது. அவர்கள் மூடிக்கொண்டதும் அதற்குப் பெயர் திமிர் ஆயிற்று. பெருமை ஒரு பாவம் என்று போதிக்கிற எந்தச் சபையும் இந்த வரலாற்றை முதலில் வாசித்துவிட்டுத்தான் பிரசங்க மேடையில் ஏற வேண்டும். அந்தப் பெண்கள் செய்தது பெருமையா? இல்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டோம் என்று ஞானஸ்நானத்தின்போது கேட்டதை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

திருநெல்வேலியிலும் இதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849ல் நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மிஷன் வேலைக்கு இங்கிலாந்தில் ஆதரவு திரட்ட எழுதியது. அந்த மக்களின் அறிவையும் தோற்றுவாயையும் அது தாழ்வாகச் சித்திரித்தது. கால்டுவெல் அகந்தை பிடித்தவர் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. சென்னையிலிருந்து நீலகிரி சுற்றி இடையன்குடி வரை நடந்தே வந்தவர். அரை நூற்றாண்டு அந்தத் தேரிமணலில் வாழ்ந்தவர். உடல் உழைப்பில் அவரளவு தாழ்ந்தவர் அரிது. எழுதும் மேசைக்கு முன் உட்கார்ந்தபோது மட்டும் அவர் மக்களுக்கு மேலே உட்கார்ந்தார். தன் உடம்பை எளிமைப்படுத்திய மனிதர் தன் பார்வையை எளிமைப்படுத்தாமல் விட்டுவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்வினை நாசரேத் பக்கத்திலிருந்து வந்தது. அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, நன்கு படித்த உபதேசியார், மிஷனரிகளோடு பிணங்கி 1857ல் பிரகாசபுரத்தை மையமாக வைத்து இந்துக் கிறிஸ்தவ சபையை ஏற்படுத்தினார். சம்பளக் குருமார் இல்லை, வெள்ளையர் மேற்பார்வை இல்லை, சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு முறையில் தூபமும் எக்காளமும். மிஷனரிகள் கண்ணில் அது கலகக்காரரின் பெருமை. அவர் பிடிவாதமானவர் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தம் மக்களை இழிவுபடுத்திய எழுத்துக்கு முன் பணிய மறுத்ததைப் பெருமையென்று நான் எழுத மாட்டேன். அந்நூலுக்கு எதிரான கசப்பு 1880கள் வரை ஓயவில்லை என்பதே காயத்தின் ஆழத்தைச் சொல்லும்.

மனச்சாட்சி எது, மானம் எது, பெருமை எது என்று பிரிக்க முடியாமல் திகைக்க வைப்பது இரேனியஸ் ஐயரின் கதை. பிரஷ்யாவில் 1790ல் பிறந்து, 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். திருநெல்வேலிச் சபைகள் பலவற்றின் அடித்தளம் அவர் போட்டது. தம் செமினரியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அதனால் மாணவர்கள் விலகியும் இறங்கி வரவில்லை. 1835ல் ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் குறைகூறி எழுதியதற்காக அவரை அனுப்பிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கம் அவரை நீக்கியது. ஆர்க்காட்டுக்குப் போனவர் தம் மக்கள் அழைக்கவே திரும்பி வந்தார். சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838ல் அவர் மறைந்த பிறகே பிளவு மெல்ல ஆறியது. திரும்பி வந்தது மந்தையின் மேலுள்ள பாசமா, தாம் கட்டியதை மற்றவர் கையில் விட மனம் வராமையா? இரண்டு தரப்பும் தம் மனச்சாட்சியையே சாட்சிக்கு அழைத்தன. ஊழியத்தை உண்டாக்கினவர் அதைத் தம் சொத்தாகப் பார்க்கத் தொடங்கும் புள்ளி எது என்று அவர் வாழ்வை வாசிக்கிற எந்த ஊழியரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். தகப்பன் தொடங்கிய ஊழியம் மகனுக்கே என்பது எழுதாச் சட்டமாகிவிட்ட இந்நாளில் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம்.

இரேனியஸ் காலத்தில் எழுந்த ஊர்களில் ஒன்று டோனாவூர். பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் ஊருக்கே சூட்டப்பட்டது. தென்காசியிலிருந்து மலையோரமாகத் தெற்கே அம்பாசமுத்திரம், களக்காடு தாண்டிப் போனால் வருகிற இந்த ஊருக்கு 1901ல் குடிவந்தவர் எமி கார்மைக்கேல். வட அயர்லாந்தில் 1867ல் பிறந்தவர், 1895ல் இந்தியா வந்தவர், கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த சிறுமிகளுக்கு வீடு அமைத்தவர். நான் இவரிடம் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தாழ்மையைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. அதை ஒரு நிறுவனத்தின் அன்றாட ஒழுங்காக மாற்ற முயன்றவர்கள் மிகக் குறைவு.

டோனாவூரில் பட்டங்கள் இல்லை. இந்தியப் பெண் ஊழியர் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்தவர் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. யாருக்கும் சம்பளம் இல்லை. பணம் வேண்டுமென்று வெளியே கேட்பதுமில்லை. 1916ல் பெண்களுக்கென்று ஒரு சிறு கூட்டத்தை எமி அமைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் சோறு பொங்குவதும் பிரசங்கிப்பதும் கடவுளுக்கு முன் ஒரே தரமான வேலை என்பது அவர்களின் அடிப்படை. படித்து, பிரசங்கிக்க வேண்டும் என்ற கனவோடு வந்த பெண்ணிடம் முதலில் தொட்டில் துணிகளைத் துவைக்கக் கொடுப்பது அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. முக்கியமானது என்னவென்றால், அதை எமியும் செய்தார், கடல் தாண்டி வந்த பெண்களும் செய்தார்கள். உயரத்தில் இருந்தவர் முதலில் இறங்கியதால்தான் மற்றவரிடம் கேட்க அவருக்கு வாய் இருந்தது.

1919ல் அரசாங்க மரியாதைப் பட்டியலில் தம் பெயரைக் கண்டதும், தமக்கு அது வேண்டாம் என்று சென்னை ஆளுநராக இருந்த லார்ட் பென்ட்லண்டுக்கு எழுதினார். மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று மற்றவர் வற்புறுத்தவே பதக்கத்தை ஏற்றார், விழாவுக்குப் போகவில்லை. தம் கல்லறைக்குக் கல் நாட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். 1951ல் அவர் மறைந்தபோது பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் பொறித்தார்கள். பிரபுவின் பெயர் தாங்கிய ஊரில் அப்படியொரு கல்லறை.

ஆனால் இவரைப் புனிதச் சிலையாக்கிவிட நான் விரும்பவில்லை. எமி தம் முடிவுகளில் இரும்பு போன்றவர். பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல் 1924ல் இளைஞராக டோனாவூருக்கு வந்து, உரசல்களுக்குப் பின் நெடுநாள் நிலைக்காமல் விலகிப் போனார். எளிமையாக உடுத்தி, புகழை ஒதுக்கி, கூடவே எல்லாம் தம் சொற்படியே நடக்க வேண்டும் என்று இருக்கவும் ஒருவரால் முடியும். 1931ல் களக்காட்டில் புதிதாக எடுத்த வீட்டைப் பார்வையிடப் போனவர் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பின் 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே. எல்லோருக்கும் பணிவிடை செய்தவர் இனிப் பணிவிடையை ஏற்க வேண்டியவரானார். இங்கே என் வாதம் கொஞ்சம் சிக்கலாகிறது என்பதை மறைக்கவில்லை. நோயும் மூப்பும் நம்மைக் கேட்காமல் இறக்குகின்றன. ஆனால் அதில் இன்னொரு மனிதரின் கை இல்லை. யாரும் நம்மை இறக்கித் தாம் உயர்வதில்லை. அப்படி வந்த தாழ்வைத் தம்முடையதாக ஏற்பதும் விடுவதும் அவரவர் கையில் இருக்கிறது. எமி படுக்கையிலிருந்தே எழுதிக் குவித்த புத்தகங்கள் பல நோயாளிகளுக்காகவே எழுதப்பட்டவை.

இறங்கும்போது சறுக்குவதைப் பற்றி ஜான் பன்யன் அறிந்திருந்தார். 1678ல் வெளிவந்த மோட்சப் பயணத்தின் முதல் பாகத்தில் பயணி தாழ்மையின் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது கால் சறுக்குகிறான், அங்கேதான் அழிப்போன் என்னும் அரக்கனோடு உயிர்ப்போராட்டம் நடக்கிறது. 1684ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் மனைவியும் பிள்ளைகளும் அதே பள்ளத்தாக்கு வழியே போகிறார்கள். அவர்களுக்கு அது பசும்புல்லும் ஆட்டு மந்தையும் உள்ள வளமான நிலம். ஓர் உயரத்திலிருந்து இறங்குகிறவனுக்குப் போர்க்களம், அங்கேயே பழகினவர்களுக்குச் சொந்த ஊர்.

இந்தக் கதையைக் காப்பியமாக்கிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை முதல் வகையைச் சேர்ந்தவர். 1827ல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, தமிழ்ப் பண்டிதராகச் சாயர்புரத்தில் வேலைக்கு வந்தவர். 1858ல் ஞானஸ்நானம் பெற்றபோது குலம், உறவு, பண்டிதர் அவையில் இருந்த இடம் எல்லாவற்றையும் பணயம் வைத்தார். 1894ல் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. பெட்போர்டில் பாத்திரம் ஈயம்பூசிப் பிழைத்து, சிறையிலும் கிடந்த பன்யனின் எளிய உரைநடையை அவர் கம்பன் வழிக் கவிதையாக உயர்த்தினார் என்பது முதலில் முரணாகத் தோன்றலாம். தாழ்மை என்றால் தன் திறமையை மறைப்பது என்று நினைப்பவருக்கு இது விடை. தனக்குத் தெரிந்த தமிழின் உச்சியை அவர் ஒளிக்கவில்லை; ஒரு கைதியின் கதைக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோயிலுக்குள்ளேயே சாதி குடியிருந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், தமிழர் யாருக்கும் அது புதிதல்ல. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1870களில் கால்சட்டை வடிவில் இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், இடையே சுவர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பீடம். 1910ல் இயேசு சபைக் குரு கௌசானல் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நம் காலம் வரை போராட்டத்துக்குக் காரணமாயிற்று. அந்தச் சுவரின் ஒரு பக்கத்தில் நின்று, நான் தூசியும் சாம்பலும் என்று உருக்கமாக ஜெபித்த பக்தர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் பொய்யாக ஜெபிக்கவில்லை. கடவுளுக்கு முன் தாழ்வது அவர்களுக்கு எளிதாயிருந்தது. அடுத்த தெருக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்காருவதுதான் முடியாததாயிருந்தது.

வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதன் இன்னொரு முகத்தை உலக மேடையில் காட்டினார். 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஏழைக்காகத் தன்னைக் கொடுக்கத் தயாராயிருப்பவருக்கு அந்த ஏழையோடு சமமாக நாற்காலி போட்டு உட்கார மனம் வராமல் போகலாம் என்பதை அவர் தொட்டுக் காட்டினார். 1912ல் அவரே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி, தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்களிடையே வாழ்நாளைக் கழித்தார். 1903ல் அவர் முயற்சியில் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் இந்தியரின் பணத்தையே நம்பியது.

இறையியலாளர்களும் இந்த இடத்துக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ரெய்ன்ஹோல்ட் நீபூர் போன்றவர்கள் பெருமையே மனிதனின் அடிப்படைப் பாவம் என்று 1940களில் எழுதினார்கள். 1960ல் வாலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண்மணி, இது ஆண்களின் அனுபவத்தை எல்லோர் தலையிலும் கட்டுவது என்று மறுத்தார். தன்னைப் பிறருக்காகக் கரைத்துக் கரைத்துத் தானென்று ஒருத்தியே இல்லாமல் போவதும் பெண்ணின் சோதனையாக இருக்கலாம் என்றார். 1981ல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் தலித் இறையியலுக்கு வித்திட்டார். மதுரை இறையியல் கல்லூரியில் பறட்டை அண்ணன் என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, தலித் மக்களின் இசையையும் பேச்சையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். தலைமுறை தலைமுறையாக நிமிர விடப்படாதவரிடம் இன்னும் குனி என்று சொல்வது சுவிசேஷமாகாது என்பது இவர்கள் வாதம். நான் இதை முழுமனதோடு ஏற்கிறேன். அதனால் தாழ்மைப் பிரசங்கம் பழசாகிவிட்டது என்று மட்டும் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டவர் நிமிர்ந்த மறுதலைமுறையிலேயே அடுத்தவரைக் கீழே வைக்கத் தொடங்கிய கதையும் இதே தெற்கத்திச் சீமையில் உண்டு. தோள்சீலைக்காகப் போராடிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகளும் தங்களுக்குக் கீழே ஒரு தெருவை வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் தாழ்மையைத் தேடுவது எப்படி? நேரே தேடினால் அது கிடைப்பதில்லை என்பதில் பழைய துறவிகளும் சி.எஸ். லூயிஸ் போன்ற 20ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களும் ஒத்துப்போகிறார்கள். நான் தாழ்மையாகிவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னும் தன்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்ய முடிந்தவை சின்னச் சின்னச் செயல்கள். அவற்றில் கடினமானது மன்னிப்புக் கேட்பது. அதிலும் தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்பது. கடவுளிடம் ஆயிரம் தடவை கேட்கிற போதகருக்கும், கமிட்டித் தலைவருக்கும், வீட்டுத் தகப்பனுக்கும் கோயில்பிள்ளையிடமோ மகளிடமோ ஒரு தடவை கேட்பது மலையாக இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கம் சொல்வது இதைத்தான்.

நம் சபை வழக்கங்களிலேயே இதற்கு வேண்டியவை இருக்கின்றன. பண்டிகை அசனத்தை எடுத்துக்கொள்வோம். பணக்காரரும் கூலிக்காரரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே குழம்பை உண்பது, ஒரே பந்தியை ஏற்காமல் பிள்ளைகள் விலகிப்போன சீமையில் சாதாரண காரியமல்ல. ஆனால் இப்போது சில ஊர்களில் பிரமுகர்களுக்குத் தனியே மேசை நாற்காலி வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டாலே பாதிப் பிரசங்கம் முடிந்துவிடும். கைப்பிடி அரிசிக் காணிக்கையும் அப்படியே. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த பெண்களால் மிஷனரி ஊழியம் நடந்தது. பானையில் கலந்த பிறகு எது யார் வீட்டு அரிசி என்று பிரிக்க முடியாது.

பக்கத்திலேயே ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் நடக்கிறது. விளைச்சலைக் கடவுளுக்குக் கொண்டுவரும் அழகான வழக்கம் அது. ஒரு சேவலும் பூசணிக்காயும் சந்தை விலையின் பல மடங்குக்குப் போகும்போது, எவ்வளவு பக்தி, எவ்வளவு போட்டி என்று பார்க்கிறவர்களுக்கே தெரியும். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படுகிறது. கோபுரக் கல்லில் நன்கொடையாளர் பெயர் தொகையோடு வெட்டப்படுகிறது. திருமண்டலத் தேர்தல் வரும்போது அந்தப் பெயர்களே அணிகளாகின்றன, சில வேளைகளில் நீதிமன்றம் வரை போகின்றன.

ஒரே ஒரு பண்டிகைக்குப் பெயர்களையும் தொகைகளையும் வாசிக்காமல் விட்டுப் பார்க்கலாம். ஏலம் நடக்கட்டும், பணம் உறையில் வரட்டும். வருமானம் குறைந்துவிடும் என்று கமிட்டி அஞ்சும், குறையவும் கூடும். குறைந்தால், அந்தத் தொகை இத்தனை காலமும் எதற்காக வந்துகொண்டிருந்தது என்பதைச் சபை தன் கணக்குப் புத்தகத்திலேயே பார்க்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசலாம்.